போகுமுன் எழுத வேண்டிய இரண்டு பக்கக் கணக்கு

(வெளிநாட்டு வேலைக்குப் போக எண்ணியிருக்கும் தோட்டக் குடும்பங்களுக்காக நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் பிரட்டுக்குப் போய், மலை ஏறி இறங்கி, பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு, அடுப்புப் பற்ற வைக்கிற நேரத்தை ஒதுக்கி இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம். "நாங்க வெளிநாடு போகலாமா, வேண்டாமா?" இதுதான் நீங்கள் எங்களிடம் கேட்கிற கேள்வி.

போங்கள் என்றும் நாம் சொல்ல வரவில்லை. போகாதீர்கள் என்றும் சொல்ல வரவில்லை. போய் வந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். போய் வந்து கடனோடு நிற்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எல்லாம் அதிர்ஷ்டம் அல்ல. பாதிக்கு மேல் அது போகுமுன் செய்த கணக்கு. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

நம் சமூகத்துக்கு நாடு விட்டு நாடு போவது புதிதல்ல. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் இங்கே வந்தது கங்காணி சொன்ன வார்த்தையை நம்பித்தான். தேயிலைச் செடிக்கு அடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டி வந்த கதையை நம் வீட்டுக் கிழவிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்று நம்மைத் தலை எண்ணிப் பிரித்தார்கள். அங்கே போனால் என்ன வேலை, என்ன வீடு, என்ன தண்ணீர் என்று விசாரித்துச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை. திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968 இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தமிழ்நாட்டு அரசு ஆரம்பித்தது. கடல் தாண்டிப் போனவர்களில் பலர் அங்கேயும் மறுபடி கூடைதான் சுமந்தார்கள்.

அன்றைக்கு அவர்களுக்குக் கேட்டறிய வழியில்லை. இன்றைக்கு நமக்கு வழி இருக்கிறது. ஆகவே கேட்காமல் போகக் கூடாது.

ஒரு நாளை ஒரு நாளோடு வைத்துப் பாருங்கள்

உதாரணத்துக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். குவைத். நம் தோட்டங்களிலிருந்து பல பெண்கள் வீட்டு வேலைக்குப் போகிற நாடு. சம்பளத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

இங்கே நுவரெலியாப் பக்கம் வெயில் என்றால் நாம் சந்தோஷப்படுகிறோம். அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டித்தான். குவைத்தில் கோடைகாலத்தில் 45 பாகையைத் தாண்டுவது சாதாரணம். 2016 ஜூலை 21 அன்று மித்ரிபா என்ற இடத்தில் 53.9 பாகை பதிவானது. உலகத்திலேயே நம்பகமாக அளக்கப்பட்ட மிக உயர்ந்த வெப்பங்களில் அது ஒன்று. வீட்டுக்குள் குளிரூட்டி இருக்கும், உண்மை. ஆனால் மொட்டை மாடியில் உடுப்புக் காயப் போடுவதும், முற்றம் கழுவுவதும், வாகனம் துடைப்பதும் வெளியில்தான். கட்டடம், துப்புரவு, தோட்ட வேலைக்குப் போகிற ஆண்கள் இதை இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 மணியிலிருந்து பின்னேரம் 4 மணி வரை வெட்ட வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே தடை இருக்கிறது. இப்படி ஒரு தடை போட வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே அந்த வெயிலைப் புரிந்துகொள்ளலாம்.

தண்ணீர். இங்கே பீலித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறோம், மழைக்காலத்தில் கலங்கி வருகிறது என்று குறை சொல்கிறோம். குறை நியாயமானதுதான். அங்கே ஆறே கிடையாது. கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துத்தான் குடிதண்ணீர் செய்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். மலசலகூடம் வீட்டோடு இருக்கும். இந்த விஷயத்தில் அங்கே வசதி கூடத்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நல்லதை விட்டுவிட்டு எழுதுகிற கணக்கும் பொய்க் கணக்குத்தான்.

சாப்பாடு. சோறு உண்டு, இறைச்சி உண்டு, ரொட்டி உண்டு. நம்ம ருசிக்குக் காரம் இருக்காது. வீட்டுக்காரர் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிற வீடுகள் உண்டு, கூட வைத்துச் சாப்பாடு போடுகிற வீடுகளும் உண்டு. நோன்பு மாதத்தில் பகல் நேரம் பொது இடத்தில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் சட்டப்படி குற்றம். அந்த மாதத்தில் இரவுச் சமையலும் விருந்தும் கூடுகிறபடியால் வேலையும் பின்னிரவு வரை போகும். சாராயம் அந்த நாட்டில் முற்றாகத் தடை. ஆண்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

லீவு நாள். நமக்கு ஞாயிறு. அங்கே வெள்ளி. நேரமும் வேறு. அவர்களுடைய மணி நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் ஓடுகிறது. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வரும்போது அங்கே பகல் பதினொன்றரை. சமையலறையில் வேலை மும்முரமாக நடக்கிற நேரம். பிள்ளையோடு எத்தனை மணிக்குப் பேசலாம் என்று போகுமுன்பே யோசித்து, அதை வீட்டுக்காரரிடம் முதல் வாரமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் அங்கேயும் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஆளிருக்கிறதா?

வீட்டுப் பணியாளர்களுக்கென்று குவைத் 2015 இல் 68 ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதிலுள்ளதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஓய்வு தர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. வருட லீவும் உண்டு. சாப்பாடு, உடுப்பு, இருப்பிடம், மருந்துச் செலவு வீட்டுக்காரர் பொறுப்பு. கடவுச்சீட்டைப் பறித்து வைக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்து வரும்போது வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். 2016 இல் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 60 தினார் என்று நிர்ணயித்தார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அதற்குக் கூடவும் இருக்கலாம். பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும். இங்கே தோட்டத்தில் பாருங்கள். அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்றால் பிரட்டுக்களத்திலேயே பத்துப் பேர் கேட்கிறோம். கணக்கப்பிள்ளையிடம் கேட்கிறோம், தலைவரிடம் சொல்கிறோம், ஆபீசுக்குப் போகிறோம், முடியாவிட்டால் சங்கம் இருக்கிறது. அங்கே ஒரு வீடு, ஒரு எஜமான், நீங்கள் ஒருத்தி. அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் போகலாம். உங்கள் விசாவும் அந்த எஜமானின் பெயரோடு கட்டப்பட்டது. "கபீல்" என்று அவர்கள் சொல்கிற பொறுப்பாளி அவர்தான். அவர் சம்மதமில்லாமல் வெளியேறினால் "ஓடிப்போனவள்" என்று முறைப்பாடு போகலாம். பிறகு சட்டப்படி அங்கே தங்கியிருப்பதே சிக்கலாகிவிடும்.

நம்ம லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். சில நேரம் அது பெரிய தொல்லை. ஆனால் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவதும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்தான். இதற்குப் பணத்தில் விலை போட முடியாது. என்றாலும் கணக்கில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

இனிச் சம்பளக் கணக்கு

ஒரு தினார் இன்றைக்கு ஆயிரம் ரூபாவை ஒட்டிப் போகிறது. போகும்போது வங்கியில் சரியான விலையைக் கேளுங்கள். கணக்குச் சுலபத்துக்கு ஆயிரம் என்றே வைப்போம். 60 தினார் என்றால் 60,000 ரூபா. சப் ஏஜென்ட் என்ன சொல்வார்? "அக்கா, ரெண்டே வருஷம். பதினாலு லட்சத்து நாப்பதாயிரம் கையில!" 60,000 ஐ 24 ஆல் பெருக்கினால் 1,440,000 வரும். பெருக்கல் சரி. கணக்கு சரியில்லை. ஏனென்றால் அவர் ஒரு பக்கத்தை மட்டும்தான் எழுதியிருக்கிறார்.

ஒரு கொப்பியை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் "அங்கே வருவது". மறு பக்கம் "இங்கே நிற்பது".

தோட்டச் சம்பளம் 2021 இல் ஒரு நாளைக்கு 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் அடிப்படையை 1,350 ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் கூட்டுகிற பேச்சு நடந்திருக்கிறது. நாம் இந்தக் கணக்குக்கு 1,500 என்ற எண்ணை வைத்துக்கொள்கிறோம். உங்கள் சம்பளத் துண்டில் என்ன இருக்கிறதோ அதை அந்த இடத்தில் போடுங்கள். மாதம் 20 பேர் என்றால் 30,000 ரூபா. இதோடு முடியவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் 8 வீதம் பிடிக்கிறார்கள். அது நம்ம காசு, நமக்கே சேருகிறது. தோட்டம் தன் பங்காக 12 வீதம் கட்டுகிறது. அது 3,600 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 900 ரூபா. ஆக 30,000 ரூபாச் சம்பளம் உண்மையில் 34,500 ரூபாச் சம்பளம். அந்த 4,500 ரூபா கண்ணுக்குத் தெரியாத சம்பளம். நீங்கள் பெயரை வெட்டிக்கொண்டு போன மாதத்திலிருந்து அது நின்றுவிடும்.

இன்னொன்று, சேவைக்காலப் பணம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம் உண்டு. 1,500 ரூபாப்படி வருடத்துக்கு 21,000. இரண்டு வருடத்துக்கு 42,000. மூன்று, நான்கு வருடம் வேலை செய்துவிட்டு ஐந்தாவது வருடத்துக்கு முன் பெயரை வெட்டினால் முன்னைய வருடங்களுக்கும் சேர்த்து இழக்க நேரிடும். ஆகவே போகுமுன் ஆபீசில் சேவைக்காலம் எத்தனை வருடம், எத்தனை மாதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இப்போது கூட்டிக் கழிப்போம்.

அங்கே வருவது: இரண்டு வருடச் சம்பளம் 1,440,000. ஒப்பந்த முடிவில் இரண்டு மாதச் சம்பளம் 120,000. மொத்தம் 1,560,000.

இங்கே நிற்பது: 34,500 வீதம் 24 மாதத்துக்கு 828,000. சேவைக்காலப் பணம் 42,000. மொத்தம் 870,000. கழித்தால் மிச்சம் 690,000.

நீங்கள் இல்லாதபோது வீட்டில் கூடுகிற செலவு இருக்கிறது. பிள்ளையைப் பார்க்கிறவருக்குக் கொடுப்பது, நீங்கள் போட்ட மரக்கறிப் பாத்தி காய்ந்துபோய்க் கடையில் வாங்குவது, விறகு, டெலிபோன் காசு. மாதம் 8,000 என்று வைத்தால் 192,000. அதைக் கழியுங்கள். மறு பக்கம், உங்கள் சாப்பாட்டுச் செலவு இங்கே மிச்சம். மாதம் 10,000 என்று வைத்தால் 240,000. அதைக் கூட்டுங்கள். கடைசியில் வருவது 738,000 ரூபா.

ஏழு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம். சின்னக் காசு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சப் ஏஜென்ட் சொன்னதில் அது ஏறக்குறையப் பாதி. பதினான்கு இலட்சத்தை மனதில் வைத்துக் கடன் வாங்கினால், ஏழு இலட்சத்தில் எப்படிக் கட்டுவது? இடையில் விழுகிறவர்கள் விழுகிற இடம் இதுதான்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். இங்கே ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், 20 நாள், மாதம் 160 மணித்தியாலம். 34,500 ஐ அதற்குப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 215 ரூபா. அங்கே சட்டம் அனுமதிக்கிற 12 மணித்தியாலப்படி, வார லீவைக் கழித்து 26 நாள் என்றால் 312 மணித்தியாலம். சம்பளம், முடிவுப் பணத்தின் மாதப் பங்கு, சாப்பாடு மூன்றையும் சேர்த்து 75,000 என்று வைத்தாலும் மணித்தியாலத்துக்கு 240 ரூபாதான். ஆகவே அங்கே காசு கூட வருவது, நம் கைக்கு அங்கே பெரிய விலை கிடைப்பதனால் அல்ல. கூடுதல் மணித்தியாலத்தை விற்பதனால்.

"வீட்டுக்கு வந்தும் நாங்க சும்மாவா இருக்கோம்? இங்கயும் பன்னெண்டு மணிநேரந்தானே!" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெண்கள் மலையில் எட்டு மணித்தியாலம், வீட்டில் இன்னொரு நாலைந்து மணித்தியாலம் உழைக்கிறார்கள். அந்த இரண்டாவது வேலைக்கு இங்கே சம்பளம் கிடையாது. அங்கே அதே சமையலுக்கும் துவைப்புக்கும் சம்பளம் தருகிறார்கள். ஆனால் இங்கே அந்த வேலையை யார் செய்வது? அதை யாராவது ஒருவர் தோளில் ஏற்றிவிட்டுத்தான் போகிறீர்கள். அநேகமாக உங்கள் தாயார், இல்லாவிட்டால் பன்னிரண்டு வயது மூத்த மகள்.

தினார் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது, 2022 இல் 360 ரூபாவையும் தாண்டியது. வெளிநாட்டுச் சம்பளம் ஒரேயடியாகக் கூடிவிட்டதுபோல் தெரிந்தது. அங்கே அந்த அறுபது தினார் அறுபதாகவே இருந்தது. நம்ம ரூபாதான் இறங்கியது. அதே நேரம் அரிசி, மாவு, சீமெந்து எல்லாம் ஏறின. ஆகவே ரூபாவில் மட்டும் கணக்குப் போடாமல், "இந்தக் காசுக்கு இன்றைக்கு எத்தனை மூட்டை சீமெந்து?" என்றும் கணக்குப் போடுங்கள்.

கைக்காசும் பழைய துண்டும்

வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்குப் போகுமுன்பே பெரிய தொகை கைக்காசு கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. கஷ்டப்படுகிற வீட்டுக்கு அது கடவுள் கொடுத்ததுபோல இருக்கும். ஆனால் அது நன்கொடை அல்ல. இடையில் திரும்பி வந்தால் "காசைக் கட்டு" என்பார்கள். நோய் வந்தாலும், வேலை பொருந்தாவிட்டாலும், அந்தக் காசை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டி வரும்.

நம் முன்னோருக்கு இது தெரிந்த கதை. கங்காணியின் முற்பணமும் துண்டு முறையும் இப்படித்தான் வேலை செய்தன. கடனைத் துண்டில் எழுதி, அதைக் கட்டினால்தான் வேறு தோட்டம் போகலாம் என்று கட்டி வைத்தார்கள். 1921 இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். நூறு வருடத்துக்கு முன் ஒழிந்ததை நாமே கையெழுத்துப் போட்டு மறுபடி வாங்கலாமா? கைக்காசு வாங்கத்தான் வேண்டுமென்றால், எவ்வளவு, எந்த நிபந்தனை, எத்தனை மாதத்துக்குப் பிறகு திருப்பத் தேவையில்லை என்பதைத் தமிழில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறார்களா? அதுவே பதில்.

ஆண்களுக்கு இது தலைகீழ். அவர்கள் காசு கட்டிப் போகிறார்கள். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி. வட்டியையும் கணக்கில் சேருங்கள். சம்பளத்தில் முதல் எத்தனை மாதம் கடனுக்கே போகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் போனால் இன்னொரு தடவை யோசியுங்கள்.

வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

முதலாவது, பிள்ளை. யார் பார்ப்பது என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. காலையில் யார் எழுப்புவது, கொப்பியை யார் பார்ப்பது, காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, வயதுக்கு வந்த மகள் இரவில் யாரோடு படுப்பது என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும். அப்பா பொறுப்பெடுப்பதாக இருந்தால் அவர் எல்லார் முன்னாலும் சொல்லட்டும். மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தித்தான் வீட்டை ஓட்ட வேண்டுமென்றால், எந்தச் சம்பளமும் அந்தக் கணக்கை நேராக்காது. எந்தப் பிள்ளைக்காகப் போகிறோமோ அந்தப் பிள்ளையின் படிப்பையே விலையாகக் கொடுத்ததாக ஆகிவிடும்.

இரண்டாவது, காசு. போகுமுன் வங்கியில் இரண்டு கணக்குத் திறவுங்கள். ஒன்று வீட்டுச் செலவுக்கு. மற்றது உங்கள் பெயரில் மட்டும், நீங்கள் திரும்பி வரும்வரை யாரும் தொடாமல். உழைப்பு முழுவதையும் ஒரே கணக்குக்கு அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் அடியில் ஐம்பது ரூபா கிடந்த கதைகளை நீங்களே எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

மூன்றாவது, வீடு. அநேகமானோர் வெளிநாடு போவது ஒரு வீட்டுக்காக. எந்த நிலத்தில்? லயத்துக் காம்பராவுக்கு முன்னால் இரண்டு அறை இழுத்துக் கட்டி, ஓடு போட்டு, டைல்ஸ் பதித்தாலும் நிலம் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் அந்தக் காசு மண்ணுக்குள் போன காசு. உறுதிப் பத்திரம் கையில் வருவதற்கு முன் பெருந்தொகையைச் சுவரில் போடாதீர்கள். நீங்கள் தோட்டப் பெயரை வெட்டினால் காம்பராவில் குடும்பம் இருக்கலாமா, வேறு யாருடைய பெயராவது செக்ரோலில் இருக்க வேண்டுமா என்பதையும் ஆபீசில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கடதாசிகள்

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், நாம் "பியூரோ" என்று சொல்வது, 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அங்கே பதியாமல் போகக் கூடாது. விசிட் விசாவில் போகவே கூடாது. பதிந்து போனால்தான் காப்புறுதியும், பிரச்சினை வந்தால் கேட்பதற்கு உரிமையும் இருக்கும். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, நீங்கள் போகிற வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறார்களா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். பிரதேச செயலகத்திலும் பணியகத்தின் உத்தியோகத்தர் இருக்கிறார். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் குறைந்த வயதை 2022 இல் 21 என்று ஆக்கினார்கள். குவைத் சட்டமும் 21 வயதுக்குக் குறைந்தவரை வீட்டு வேலைக்கு எடுக்கக் கூடாது என்கிறது. பிறப்புச் சான்றிதழில் வயதைக் கூட்டி அனுப்புகிறேன் என்று சொல்கிறவர் உங்கள் மகளுக்கு நல்லது நினைப்பவர் அல்ல. சின்னப் பிள்ளை உள்ள தாய்மாருக்கான விதிகள் பல தடவை மாறியிருக்கின்றன. போன வருடம் போனவர் சொன்னதை நம்பாமல், பிரதேச செயலகத்தில் நேரில் கேளுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கம் ஒன்றில் "லெட்சுமி", மற்றதில் "லக்சுமி" என்று இருப்பது சாதாரணம். அங்கே போனபின் அது சாதாரணமாக இருக்காது. எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி வீட்டில் வையுங்கள். எஜமானின் பெயர், விலாசம், டெலிபோன் இலக்கம் வீட்டில் இருக்கட்டும்.

கடதாசியின் பெறுமதி என்னவென்று 1990 நமக்குக் காட்டியது. அந்த வருடம் ஆகஸ்ட் 2 இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கிருந்த நம் நாட்டார் உடுத்த துணியோடு பாலைவனம் தாண்டி ஜோர்தான் வழியாக ஓடி வந்தார்கள். 1991 இல் ஐக்கிய நாடுகள் சபை நட்டஈட்டு ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. குவைத்தில் வேலை செய்ததைக் காட்டக்கூடியவர்களுக்குப் பிற்பாடு நட்டஈடு கேட்க வழி இருந்தது.

ஆகவே தாய்மாரே, சகோதரர்களே, இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். நடுவில் கோடு போடுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அங்கே வருவது ஒரு பக்கம், இங்கே நிற்பது மறு பக்கம். காசை எழுதுங்கள், மணித்தியாலத்தை எழுதுங்கள், பிள்ளையை யார் பார்ப்பது என்று பெயரை எழுதுங்கள். வீட்டிலுள்ள எல்லாரும் அதைக் கேட்கட்டும். ஒரு வாரம் அது வீட்டில் கிடக்கட்டும். அதன் பிறகும் போவதுதான் சரி என்று தோன்றினால், தைரியமாகப் போங்கள். எத்தனை வருடம், எவ்வளவு சேர்ந்ததும் திரும்புவது என்பதைக் கடைசி வரியாக எழுதிவிட்டுப் போங்கள்.

கணக்கைப் போட முடியாதவர்கள் சம்பளத் துண்டையும் ஒப்பந்தப் பிரதியையும் எங்களிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து போடுவோம். கையெழுத்துப் போட்ட பிறகு அல்ல, போடுவதற்கு முன்னர் வாருங்கள்.